வலிக்கு நீவுதல்: எதை எதிர்பார்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இடுப்போ கழுத்தோ பிடித்துக்கொண்டால், பலரும் முதலில் விசாரிப்பது பக்கத்தில் சுளுக்கு வழிக்கிறவர் யார் இருக்கிறார் என்பதைத்தான். விடியுமுன்னே குனிந்து மல்லிகை மொட்டு பறிக்கும் உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்துப் பெண்கள், மாட்டுத்தாவணியில் மூட்டை சுமப்பவர்கள், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதற்காக மணிக்கணக்கில் கழுத்தைத் தாழ்த்தியே உட்கார்ந்திருப்பவர்கள், இரவெல்லாம் கல்லின் முன் நின்று புரோட்டா வீசும் மாஸ்டர்கள் என்று உடலின் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வருத்திப் பிழைக்கும் மக்கள் நிறைந்த ஊர் இது. இவர்களுக்கு நீவிவிடுதலும் பிடித்துவிடுதலும் ஆடம்பரம் அல்ல; மறுநாள் வேலைக்குப் போக முடியுமா என்ற கேள்வியோடு கட்டுண்ட தேவை. ஆகவே மசாஜ் வலிக்கு என்ன செய்யும், எவ்வளவு நாளைக்குச் செய்யும், எந்த வலியில் கை வைக்கவே கூடாது என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

கை பழகிய ஒருவர் முறையாகச் செய்யும் மசாஜ், தசை சார்ந்த வலியைப் பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில வாரங்கள் வரை குறைக்கக்கூடியது. வலிக்குக் காரணமான தேய்மானத்தையோ வேலைப் பழக்கத்தையோ அது மாற்றுவதில்லை. வலி தணிந்திருக்கும் அந்த இடைவெளியில் நோயாளி என்ன செய்கிறார் என்பதே மீதிப் பலனைத் தீர்மானிக்கிறது. இந்த அளவான எதிர்பார்ப்போடு போகிறவர் பயனடைகிறார். ஒரே தடவையில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிப் போகிறவர் பணத்தை இழப்பதோடு, சில சமயம் உரிய சிகிச்சைக்கான நேரத்தையும் இழக்கிறார்.

முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால், யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்த இடத்தைக் கையால் தேய்த்துக்கொள்கிறோம். அது ஏன் உதவுகிறது என்பதற்கு 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தொடுதல், அழுத்தம் ஆகியவற்றைச் சுமந்துவரும் தடித்த நரம்பிழைகளும், வலியைச் சுமந்துவரும் மெல்லிய நரம்பிழைகளும் தண்டுவடத்தில் ஒரே பகுதியை வந்தடைகின்றன. தொடுஉணர்வின் வரத்து மிகுந்தால், அங்கிருந்து மூளைக்குச் செல்லும் வலிச் செய்தி மட்டுப்படுகிறது என்பதே அதன் சாரம். வாசல் கட்டுப்பாட்டுக் கோட்பாடு (gate control theory) எனப்படும் இதன் நுட்பங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டிருந்தாலும், வலியின் அளவைத் தண்டுவடமும் மூளையும் சேர்ந்தே கூட்டிக் குறைக்கின்றன என்ற அடிப்படைக் கருத்து இன்றும் நிலைத்து நிற்கிறது. இதோடு, நிதானமான அழுத்தத்தால் இதயத் துடிப்பு தணிந்து, மூச்சு சீராகி, வலிக்குப் பயந்து தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த தசை தளர்கிறது. மசாஜ் செய்த அன்றிரவு நன்றாகத் தூக்கம் வந்தது என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தூக்கம் கெட்டவருக்கு வலி கூடும் என்பதால், அந்த ஓர் இரவின் தூக்கத்தையும் மருந்தின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும்.

மசாஜ் செய்யாதவற்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தவறான வாக்குறுதிகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கின்றன. விலகிப்போன டிஸ்க்கைக் கையால் தள்ளி உள்ளே வைக்க முடியாது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள அந்தத் தட்டு எலும்புகளோடும் தசைநார்களோடும் இறுகப் பிணைந்திருப்பது, தோலின் மேல் கொடுக்கும் அழுத்தம் அதை இடம் மாற்றாது. டிஸ்க் பிதுங்கியவர்களில் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி தானாகவே குறைந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் யாராவது நீவிவிட்டிருந்தால் பெயர் அவருக்குப் போய்ச் சேர்கிறது. முழங்கால் மூட்டில் தேய்ந்த குருத்தெலும்பு எந்தத் தைலத்தாலும் மீண்டும் வளர்வதில்லை. உடலிலுள்ள நச்சைப் பிழிந்து வெளியேற்றுவதாகச் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. அந்த வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் செய்துகொண்டிருக்கின்றன. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இரண்டாம் நாள் கெண்டைக்கால் கல்லாக இறுகுவது, லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்று சொல்லப்படுவதுண்டு. உழைப்பு நின்ற ஒரு மணி நேரத்துக்குள் அந்த அமிலம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. பழக்கமில்லாத உழைப்பால் தசையிழைகளில் நேர்ந்த நுண்ணிய சேதமே அந்த வலிக்குக் காரணம். அது ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் உச்சத்தை எட்டிப் பின் தானே தணியும். மிதமாக நீவிவிடுவது அந்த வேதனையை ஓரளவு குறைக்கிறது என்பது உண்மை. காரணத்தை மாற்றிச் சொல்வதுதான் பிழை.

ஆய்வுகள் காட்டும் படம் நம்பிக்கை தருவதாகவும், அதே வேளையில் அடக்கமாகவும் இருக்கிறது. இடுப்பு வலிக்கு மசாஜ் பற்றி நடந்த 25 ஆய்வுகளை, ஏறத்தாழ 3,100 பேரின் தரவுகளோடு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் தொகுத்துப் பார்த்தது. குறுகிய காலத்தில் வலி குறைகிறது, நீண்ட காலத்துக்கு அந்தப் பலன் நிலைப்பதாகச் சொல்ல முடியவில்லை, கிடைத்திருக்கும் சான்றுகளின் தரமும் மிகக் குறைவு என்பதே அதன் முடிவு. அமெரிக்காவில் 401 பேரிடம் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. நாட்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு உடலைத் தளர்த்தும் சாதாரண மசாஜும், இன்னொரு பகுதியினருக்குக் குறிப்பிட்ட தசைகளைத் தேடிச் செய்யும் நுட்பமான மசாஜும், வாரம் ஒரு முறை வீதம் 10 வாரங்கள் கொடுக்கப்பட்டன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இரு பிரிவினரும் நன்றாகத் தேறினார்கள்; ஆனால் அவ்விரண்டு முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எங்களுடைய முறை தனி, மற்றவர் கைக்கு இது வராது என்று சொல்லி அதிகக் கட்டணம் கேட்பவரிடம் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை தடவை என்ற கேள்விக்கும் ஓரளவு விடை உண்டு. நாட்பட்ட கழுத்து வலிக்காக 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணி நேர மசாஜை வாரம் இரண்டு மூன்று முறை பெற்றவர்களுக்குத்தான் தெளிவான பலன் தெரிந்தது. அரை மணி நேர மசாஜ் அந்த அளவுக்கு உதவவில்லை. முழங்கால் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் என எட்டு வாரங்கள் செய்தபோது வலியும் விறைப்பும் குறைந்தன, ஆயினும் ஓராண்டு முடிவில் மற்றச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டபோது, உடற்பயிற்சி, நோயாளிக்கு வலியைப் பற்றிக் கற்பித்தல் ஆகியவற்றோடு மசாஜையும் பயன்படுத்தலாம் என்றே சொன்னது. இடுப்புப் பட்டையையும் எடை கட்டி இழுக்கும் முறையையும் அதே வழிகாட்டுதல் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. வேலைக்குப் போகும்போதெல்லாம் பட்டை கட்டிக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பார்க்கையில், இந்தச் செய்தி இன்னும் பலரைச் சென்றடைய வேண்டும் என்று தோன்றுகிறது.

வலி தணிந்திருக்கும் இடைவெளி என்று மேலே சொன்னதற்கு இப்போது வருவோம். இடுப்பு வலியால் பத்து நாட்களாகக் குனியப் பயந்த ஒருவர் மசாஜுக்குப் பிறகு எளிதாகக் குனிகிறார் என்றால், அந்த நேரத்தில் அவர் நடக்க வேண்டும், இடுப்பையும் தொடையையும் வலுப்படுத்தும் எளிய பயிற்சிகளைத் தொடங்க வேண்டும், பூப்பறிக்கும்போது இடையிடையே நிமிர்ந்து முதுகைப் பின்னுக்கு வளைக்கப் பழக வேண்டும். அப்படிச் செய்தால் அசைவைப் பற்றிய அச்சம் நீங்கும், தசை வலுவடையும், அடுத்த முறை பிடிப்பு வருவது தள்ளிப்போகும். வலி குறைந்துவிட்டது என்று அதே நாளில் இரண்டு மடங்கு மூட்டை தூக்கினாலும், இன்னும் குணமாகட்டும் என்று படுக்கையிலேயே கிடந்தாலும் அந்த வாய்ப்பு வீணாகிறது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஓய்வு எடு, பயிற்சி செய் என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை நான் அறிவேன். ஆயினும் வேலைக்கு நடுவே ஒரு மணிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் நிமிர்ந்து நிற்பது கூலியைக் குறைக்காது. மாதத்துக்கு நான்கு முறை சுளுக்கு வழிக்கப் போகும் செலவை அது குறைக்கக்கூடும்.

நல்ல சிகிச்சையாளரிடம் முதல் நாள் போனால், கை வைப்பதற்கு முன் அவர் கேள்விகள் கேட்பார்: எப்போது தொடங்கியது, விழுந்தீர்களா, வலி காலுக்கு இறங்குகிறதா, மரத்துப்போகிறதா, சர்க்கரை உண்டா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அறுவை செய்துகொண்டதுண்டா, பெண்களானால் கர்ப்பமா. எதுவும் கேட்காமல் நேரே எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பவரிடம் நீங்களாகவே இவற்றைச் சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்குத் தேவையான பகுதி தவிர உடலின் மற்றப் பகுதிகள் துணியால் மூடப்பட்டிருப்பதும், எந்த இடத்தில் கை படப்போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்வதும், பெண்கள் விரும்பினால் பெண் சிகிச்சையாளரோ உடனொரு துணையோ இருப்பதும் மரியாதையின் பாற்பட்டவை மட்டுமல்ல, நோயாளியின் உரிமையும் ஆகும். அழுத்தம் அதிகமானால் நிறுத்தச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அழுத்தம் பற்றி நம்மிடையே ஆழமான ஒரு நம்பிக்கை இருக்கிறது: கண்ணில் தண்ணீர் வரும்படி வழித்தால்தான் சுளுக்கு விடும் என்பது. இதற்கு உடலியலில் ஆதரவு இல்லை. இறுகிய இடத்தில் விரல் பதியும்போது "ஆமாம், இதே இடம்தான்" என்று சொல்லத் தோன்றும் ஒருவகை இதமான வலி தவறில்லை. மூச்சைப் பிடித்துக்கொள்ளவோ, பல்லைக் கடிக்கவோ, உடலைச் சுருக்கவோ வைக்கும் வலி, தசையைத் தளர்த்துவதற்குப் பதிலாக மேலும் இறுக்குகிறது. சில நேரம் அந்த இடம் கன்றிப்போகவும் செய்கிறது. முடிந்த பின் ஒன்றிரண்டு நாள் லேசான உடல்வலி இருப்பது இயல்பு. மூன்றாம் நாளும் வலி கூடிக்கொண்டே போனால், அல்லது மூன்று நான்கு தடவைக்குப் பிறகும் எந்த மாற்றமும் தெரியாவிட்டால், அதே கையிடம் மீண்டும் போகாமல் வலியின் காரணத்தை மருத்துவரிடம் கண்டறிவதே முறை.

எண்ணெயின் பங்கு மக்கள் நினைப்பதைவிடச் சிறியது. உராய்வைக் குறைப்பதும் சூட்டைப் பரவச் செய்வதுமே அதன் முதன்மையான வேலை; அதற்கு வீட்டிலுள்ள நல்லெண்ணெயே போதும். கற்பூரமும் புதினா உப்பும் கலந்த தைலங்களும் களிம்புகளும் தோலிலுள்ள வெப்ப, குளிர் உணர்விகளைத் தூண்டி வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகின்றன. களிம்பு தடவிய இடத்தின் மேல் உடனே சூடான ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துபோகலாம். கற்பூரம் கலந்தவை எதையும் கைக்குழந்தைக்குத் தடவக் கூடாது. வாய்க்குள் போனால் வலிப்பு வரும் அளவுக்கு அது நஞ்சு.

சித்த மருத்துவத்தில் இக்கலை தொக்கணம் எனப் பெயர் பெற்று, புறமருந்துகள் 32-ல் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதன் ஒன்பது வகைகளைப் பழைய நூல்கள் பிரித்துச் சொல்கின்றன. இன்று மசாஜ் பயிற்சிகளில் கற்பிக்கப்படும் பிசைதல், தட்டுதல், இழுத்து நீட்டுதல் ஆகியவற்றோடு இவை பெரிதும் ஒத்துப்போகின்றன. இந்த மரபை ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பாகப் படித்த சித்த மருத்துவர்களும், நான்கு ஆண்டுப் படிப்பும் அதன்மேல் ஆறு மாதப் பயிற்சியும் முடித்த பிசியோதெரபிஸ்ட்களும் நம்மிடம் இருக்கிறார்கள். மசாஜ் செய்வதற்கென்று மட்டும் தனியான பதிவுமுறை இந்தியாவில் இல்லாததால், பெயர்ப்பலகை வைத்திருக்கும் எவரும் தம்மைச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. பரம்பரையாகச் சுளுக்கு வழிக்கிற பெரியவர்களின் கையில் உண்மையான தேர்ச்சி இருப்பதை மறுக்க எனக்கு மனமில்லை. அவர்களுள் நல்லவரை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு: இது எலும்பு முறிவு மாதிரி இருக்கிறது, முதலில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பத் தெரிந்தவரே நம்பத் தகுந்தவர்.

அந்த எக்ஸ்ரே ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசல்களில் மாடு அணைந்து விழுந்த இளைஞர்களும், கபடியில் கை ஊன்றிய பிள்ளைகளும், மரத்திலிருந்து விழுந்த சிறுவர்களும் வீங்கிய மூட்டோடு நேரே எண்ணெய் போட்டு நீவப் போவது நம் பக்கத்தில் வழக்கம். அடிபட்ட முழங்கையைச் சூட்டோடு சூடாக அழுத்தி நீவினால், கன்றிய தசைக்குள்ளேயே புதிதாக எலும்பு உருவாகிவிடக்கூடும். மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்று மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள். அதன் பின் அந்தக் கை முழுதாக நீளாது, முழுதாக மடங்காது. வாய்க்குச் சோறு எடுத்துப்போகக்கூடச் சிரமப்படும் நிலை வரலாம். எலும்பு முறிந்திருந்து அது தெரியாமல் நீவினால், முறிந்த முனை பக்கத்திலுள்ள இரத்தக் குழாயையும் நரம்பையும் கிழிக்கலாம். ஆகவே விழுந்து அடிபட்ட மூட்டில் வீக்கமோ, ஊன்ற முடியாத வலியோ, வடிவம் மாறிய தோற்றமோ இருந்தால் அதை அசைக்காமல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே ஒரே வழி.

முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்துத் திடீரென்று திருப்பிக் கழுத்தில் சொடுக்கு எடுக்கும் பழக்கமும் கைவிடப்பட வேண்டியது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. வேகமான திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்தால், அங்கே இரத்தம் உறைந்து இளம் வயதிலேயே பக்கவாதம் வரலாம். இது அரிது. ஆனால் அந்தச் சொடுக்கினால் கிடைக்கும் பலன் ஒரு நிமிட இதம் மட்டும் என்பதால், அரிதான ஆபத்தைக்கூட ஏற்க நியாயம் இல்லை. ஒரே காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிப்பது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதை நீவினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களுக்கு எண்ணெயின் சூடு தெரியாது. அவர்களுடைய பாதத்தில் சூடான எண்ணெயையோ ஒத்தடத்தையோ வைக்கவே கூடாது. எலும்பு மெலிந்த முதியவர்களுக்கும், இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் மெல்லிய கை மட்டுமே, அதுவும் மருத்துவரைக் கேட்ட பிறகே. கைக்குழந்தைக்கு உரம் விழுந்துவிட்டது, குடலேற்றம் என்று சொல்லித் தலைகீழாகத் தூக்குவதும், உலுக்குவதும், வயிற்றை அழுத்தி வழிப்பதும் மூளைக்கும் குடலுக்கும் கேடு விளைவிக்கும்.

இடுப்பு வலியோடு சிறுநீர் கழிப்பதில் தடையோ கட்டுப்பாடின்மையோ, தொடையிடுக்கில் மரத்துப்போன உணர்வோ, கால் பலவீனமோ தோன்றினால் அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், படுத்தாலும் தணியாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவையும் நீவுவதற்கு முன் சோதிக்கப்பட வேண்டியவை. எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது வாயுப் பிடிப்பு என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும் மாரடைப்பை. நெஞ்சிலோ இடது தோளிலோ தாடையிலோ நடு முதுகிலோ இறுக்கமான வலி, அதோடு வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் இருந்தால், தைலம் தேய்த்து ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று வீட்டார் உட்காரக் கூடாது. இதயத் தசை அழிவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். 108-ஐ அழைக்க வேண்டும்.

வசதி குறைந்தவர்களுக்கு நல்ல சிகிச்சை எட்டாதது என்ற எண்ணமும் சரியில்லை. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவும் கட்டணமின்றி இயங்குகின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் விரிந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், வெளியே வர முடியாதவர்களின் வீட்டுக்கே இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வருகின்றன. பக்கவாதத்தால் தோள் இறுகிப்போன தாத்தாவுக்கோ, முழங்கால் மடக்க முடியாத அப்பத்தாவுக்கோ தினமும் எண்ணெய் தேய்த்துவிடும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அந்த அன்பான கைகளுக்கு, எந்தப் பக்கம் எவ்வளவு மடக்க வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்பதைச் சிகிச்சையாளர் ஒரு தடவை வந்து காட்டிக் கொடுக்க முடியும். பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரிடமோ கேட்டால் பெயரைப் பதிந்துகொள்வார்கள்.